ஒன்பதாவது கேள்வி

இன்பமணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். வேம்பார் கடற்கரைச் சாலையில் அவள் கணவர் செல்வதுரை வைத்திருக்கும் பலசரக்குக் கடைக்கு வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒருமுறை எடை குறைந்த சீனி மூட்டையை இறக்கிவிட்டுப் போகப் பார்த்த ஆளிடம் அவள் நாலே வார்த்தை பேசினாள். அவன் மூட்டையைத் தானே தலையில் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். செல்வதுரை யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் தான் கல்லாவை விட்டு எழுந்துவிடுவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அந்தக் கோபத்துக்கு இருபத்தைந்து இருக்கும்.

அவள் பிறந்தது சாத்தான்குளத்தில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே அண்ணன், தேவபிரசாதம். இன்பமணி நர்சிங் படிப்பில் முதல் வருஷம் இருந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டான். ஊரில் மரியாதையான குடும்பம். வெளியில் தெரியக்கூடாது என்று அப்பா அவனை எட்டத்தில் இருந்த ஒரு ஜெபவீட்டில் கொண்டுபோய் விட்டார். அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று இன்பமணியைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கூட்டி வந்தார்கள். மாதம் ஒருமுறை அவள் அண்ணனைப் பார்க்கப் போவாள். அவன் காலில் சங்கிலி போட்ட இடம் புண்ணாகி, சீழ் வைத்து, ஈ மொய்த்தது. முதல் வருஷப் பாடத்திலேயே அவளுக்கு அது என்னவென்று தெரியும். சொன்னாள். யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் அவன் செத்துப்போனான். கோயிலில் வாசித்த அறிவிப்பில் 'சிலநாள் காய்ச்சலுக்குப்பின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருந்தது. அப்பாவே தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டைப் பார்த்த நாளிலிருந்துதான் இன்பமணியின் குரல் தாழப் பழகியது.

கல்யாணமாகி வேம்பாருக்கு வந்தாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவளுக்கு நாற்பது வயதில், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலைக்கு அரசாங்கத்தில் ஆள் எடுத்தார்கள். இன்பமணி முதல் ஆளாக எழுதிப் போட்டாள். தோளில் ஒரு பை, அதற்குள் பிரஷர் மிஷின், குத்திப் பார்க்கிற ஊசி, மாத்திரை அட்டைகள். நாடார் தெரு, மீனவர் தெரு, உப்பளத்தை ஒட்டிய குடிசைகள் என்று முந்நூறு வீடுகள் அவள் கணக்கில் வந்தன. எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வாள்.

இப்படி இருக்கையில்தான் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை வந்தது. வேம்பாரிலிருந்து உடன்குடி வரைக்கும் கடற்கரையில் வேலைபார்க்கும் பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, மனநோய் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவர்கள் திட்டம். தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு. அதன்பிறகு திரையில் முகம் பார்த்துப் பேச ஆளுக்கு ஒரு டேப். புதன்கிழமைதோறும் மதியம் இரண்டரை மணிக்கு எல்லாரும் டேப்பைத் திறந்து உட்கார வேண்டும். சென்னையிலிருந்து டாக்டர்கள் திரையில் வருவார்கள். அந்த வாரம் பார்த்த ஒரு ஆளைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். அவர்கள் வழி சொல்வார்கள். ஆளுக்கு நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது கிங்ஸ்டனின் வேலை. முத்தையாபுரத்துக்காரன், முப்பது வயது, திட்டத்தின் ஒருங்கிணைப்பாளன், ஒப்பந்த வேலை.

கேள்வித்தாள் ஒன்று கொடுத்தார்கள். ஒன்பது கேள்வி. தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று ஆரம்பித்து, ஒன்பதாவதில் வந்து நிற்கும்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் நோயின் அளவு.

மனுஷன் துக்கத்துக்கு மார்க் போடுவதா என்று முதல் வாரமே இன்பமணிக்கு எரிச்சல். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில், ஜன்னலோரத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும். கட்டம் கட்டமாக முகங்கள். அதில் ஒன்று டாக்டர் ஹனீன். முப்பத்திரண்டு வயது இருக்கலாம். வாப்பா வழியில் காயல்பட்டணம், படித்ததெல்லாம் சென்னை. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், உப்பளத்துச் சேற்றில் கால் வைத்திருக்கமாட்டாள், இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று இன்பமணி நினைத்தாள்.

ஆனால் அந்தப் பெண்ணிடம் விஷயம் இருந்தது. புத்தி சொல்லாதீர்கள், கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் நீங்கள் வாயைத் திறந்தால் அவர்கள் திறக்கமாட்டார்கள் என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் உப்பளத்து வீடு ஒன்றில் மாதக்கணக்காகத் தூங்காத ஒரு பெண்ணிடம் இன்பமணி அப்படியே செய்து பார்த்தாள். ஏழு எண்ணும்போது அந்தப் பெண் அழுதாள், எட்டில் பேசினாள். நாலு வருஷம் அந்த வீட்டுக்குப் போய்வந்தவள், அன்றைக்குத்தான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு புதன்கிழமை மதியம் அவள் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுவாள்.

பெனிஸ்டன் கதை நாலாவது மாதம்.

மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அவன் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க மாதம் ஒருமுறை இன்பமணி போவாள். பெனிஸ்டனுக்கு முப்பத்தாறு வயது, சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்று வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் இறங்குவார்கள். ஒருநாள் ரொம்ப நேரம் அடியில் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, இடது கால் விளங்காமல் போயிற்று. பத்து மாதமாக வீட்டோடு இருந்தான். மனைவி ஷெர்லின் காலை ஆறு மணிக்கு இறால் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

அன்றைக்கு இன்பமணி போனபோது அவன் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கேள்வித்தாளை எடுத்தாள். எட்டுக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். ஒன்பதாவதைக் கேட்கும்போது அவன் அம்மா அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே போகச் சொல்லி இன்பமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தன் பிள்ளையிடம் தனக்குத் தெரியாமல் என்ன கேட்கப்போகிறாள் என்று அவள் அசையவில்லை. பெனிஸ்டன் அம்மாவைப் பார்த்தான்.

"அப்படில்லாம் ஒண்ணுமில்லக்கா."

கேள்வி முடியும் முன்பே வந்த பதில். இன்பமணி பூஜ்யம் போட்டாள். எழுந்து வரும்போது சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். எப்போதும் அதில் தண்ணீருக்குள் அவன் மாட்டிக்கொள்ளும் முகக்கண்ணாடியும் சங்கு போடுகிற வலைப்பையும் தொங்கும். அன்றைக்கு வெறும் ஆணி. மெல்வினுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். மெல்வின் அவனுடைய கூட்டாளி. பெனிஸ்டன் அடியில் இருக்கும்போது மேலே கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டவன்.

புதன்கிழமை தன் முறை வந்தபோது இன்பமணி சொன்னாள். மொத்தம் பதினாலு. ஒன்பதாவதுக்குப் பூஜ்யம், ஆனால் அந்தப் பூஜ்யத்தைத் தான் நம்பவில்லை. அம்மா நின்றுகொண்டிருந்தாள், பிறகு அந்த ஆணி என்று ஆரம்பிக்கும்போதே கிங்ஸ்டன் நேரம் முடிந்தது என்றான். இன்னும் ஐந்து பேர் பாக்கி. டாக்டர் ஹனீன் திரையில் கீழே குனிந்து எண்களைப் பார்த்தாள். பதினாலு என்றால் நடுத்தரம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம், அதுவரை வீட்டை விட்டு வெளியே வரவையுங்கள், பழைய கூட்டாளிகளோடு பழக விடுங்கள், பிடித்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்றாள். அடுத்த முகம் பேச ஆரம்பித்தது.

இன்பமணி அன்றைக்கே மெல்வினைத் தேடிப் போனாள். கரையில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பெனிஸ்டனை ஒருநாள் வள்ளத்தில் கூட்டிப் போ, கடற்காற்று பட்டால் தெளிவான் என்று அவளே தன் வாயால் சொன்னாள்.

திங்கட்கிழமை மெல்வின் அவனைத் தூக்கி வள்ளத்தில் உட்காரவைத்துக் கூட்டிப் போனான். பெனிஸ்டன் சவரம் செய்து, சட்டை போட்டு வந்தானாம். எல்லாரிடமும் சிரித்துப் பேசினானாம். பகல் பதினோரு மணிக்கு, மற்றவர்கள் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், வாயில் குழாய் இல்லாமல், இடுப்பில் கயிறு இல்லாமல் அவன் தண்ணீருக்குள் போய்விட்டான். மெல்வின் இரண்டு தடவை மூழ்கித் தேடினான். இரண்டாவது தடவை தலைமுடி கையில் பட்டது.

உயிர் இருந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்பமணி அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனாள். வார்டு வாசலில் ஷெர்லின் இறால் கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் இறால் வாடை. இன்பமணியைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"நீங்கதான அனுப்பச் சொன்னிய?" என்றாள். "காலு விளங்காதவன கடலுக்கு அனுப்பச் சொல்லி எந்த டாக்டரு சொன்னா? ஒங்களுக்கு என்ன, பைய மாட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவிய."

இன்பமணிக்குப் பத்து எண்ணவும் தோன்றவில்லை.

வார்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். வழுக்கி விழுந்துவிட்டான். அம்மா சொன்னாள், வள்ளத்துக்காரர் சொன்னார், மெல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போலீஸ் வரும், பேர் கெட்டுப்போகும், நாளைக்கு அவன் மகளை யார் கட்டுவார்கள். காரணங்கள் எல்லாருக்கும் இருந்தன. டூட்டி டாக்டர் சீட்டில் அதையே எழுதினார். இன்பமணி அந்தச் சீட்டைப் பார்த்தாள். அவள் அப்பாவின் கையெழுத்து இதைவிட அழகாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கிங்ஸ்டன் போன் செய்தான். விசாரித்தான், வருத்தப்பட்டான். பிறகு டேப்பில் அந்த ஆளுக்கான பக்கத்தில் 'விபத்து' என்று பதியச் சொன்னான். குடும்பமே அப்படித்தான் சொல்கிறது, நாம் ஏன் வேறு மாதிரி எழுத வேண்டும், அடுத்த வருஷம் திட்டம் நீட்டிக்கிற நேரம் என்று விளக்கினான். இன்பமணி காதில் போனை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி, அவன் விழல" என்றாள். பக்கத்து இருக்கைக்காரிக்குக்கூடக் கேட்டிருக்காது. "விழலன்னு ஒனக்கும் தெரியும். எழுதமாட்டேன்."

புதன்கிழமை வந்தது. தன்மேல் இருந்த கோபம் ஒருபக்கம். மெல்வினிடம் போய்ச் சொன்ன வாயைக் கிள்ளி எறிய வேண்டும்போல இருந்தது. அந்தக் கோபத்துக்கு மேலே இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னாள். நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். இருபத்தைந்து வருஷம் கழித்து, கையில் டேப்பைக் கொடுத்து, பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுப்போம் என்று சொல்லி, அப்புறமும் அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

இரண்டரைக்குத் திரை விழித்தது. அன்றைக்கு முதல் முறை உடன்குடி ஜெமியுடையது. இன்பமணி காத்திருக்கவில்லை. போன வாரம் தான் சொன்ன ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஆரம்பித்தாள். கிங்ஸ்டன் இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் நிறுத்தவில்லை. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மைக்கின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் போகவில்லை. தன்னை அடைத்துவிட்டார்கள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்போது ஜெமியின் குரல் வந்தது. கருப்பட்டி வேலைக்காரர்கள் வீடுகளுக்குப் போய்வரும், கூட்டத்தில் வாயே திறக்காத பெண்.

"சார், இது என் நேரம். என் நாலு நிமிஷத்த அக்காவுக்குக் குடுத்துட்டேன். அவிய பேசட்டும்."

இன்னொருத்தி தன்னுடையதையும் கொடுப்பதாகச் சொன்னாள். அதற்குள் டாக்டர் ஹனீன், மைக்கைத் திறந்துவிடுங்கள் என்றாள்.

இன்பமணி பேசினாள். கிட்டங்கிக்கு வெளியே சாமான் வாங்க வந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. செல்வதுரைக்கு மட்டும் கேட்டது. கல்லாவை விட்டு எழுந்து கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

"டாக்டர், பூஜ்யத்த நம்பலன்னு சொன்னேன். நீங்க பூஜ்யத்தப் பாத்திய, என்னப் பாக்கல. அவன் அம்மைய வச்சிக்கிட்டுக் கேட்டா எவன் சொல்லுவான்? அவன் கடல் சாமான எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டான். அதச் சொல்லதுக்கு எனக்கு நேரமில்ல. வெளிய அனுப்புங்கன்னிய. நான் போயி அனுப்பிட்டு வந்தேன். இப்ப வழுக்கி விழுந்தான்னு எழுதச் சொல்லுதாவ. நீங்களும் அதான் சொல்லுதியளா?"

மூத்த டாக்டர் ஒருவர் தொண்டையைச் செருமினார். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது, மதிப்பெண்படி எடுத்த முடிவு சரிதான் என்று தொடங்கினார். ஹனீன் அவரை நிறுத்தினாள்.

"இல்ல சார். அக்கா சொன்னதை நான் கேக்கல. நம்பலன்னு சொன்னாங்க, ஏன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தச் சாமான் விஷயம் வந்திருக்கும். வந்திருந்தா அவரை வெளிய அனுப்பவே சொல்லியிருக்கமாட்டேன். கிங்ஸ்டன், பதிவுல எழுதுங்க. தற்கொலை முயற்சி. பணியாளர் எச்சரித்தார், மருத்துவர் கவனிக்கவில்லை. என் பேரைப் போடுங்க."

டாக்டர் ஒருத்தி தப்பை ஒத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு பெண்களும் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் இன்பமணிக்குக் கோபம் இறங்கவில்லை.

"தப்புன்னு சொன்னாப் போதுமா? அவன் அங்கன கெடக்கான். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாவ. இன்னைக்கு நான் என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

கூட்டம் முடிந்தும் ஹனீன் போகவில்லை. மாலை ஐந்தரை வரைக்கும் அந்த ஒற்றைக் கட்டம் திரையில் இருந்தது. நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அங்கே உள்ள மனநல டாக்டர் மறுநாள் காலையில் வந்து பார்க்க ஏற்பாடு செய்தாள். வீட்டுக்கு விட்டாலும் ஆரம்ப நாட்களில் தனியாக விடக்கூடாது. யார் யார் எந்தெந்த நேரம் இருப்பது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது, ஷெர்லின் திட்டினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். திட்டட்டும், நியாயம் அவள் பக்கம் இருக்கிறது என்றாள் ஹனீன். கடைசியில் இன்பமணி நினைக்காத ஒன்றைக் கேட்டாள். அவரைத் தூக்கி வந்த ஆள் எப்படி இருக்கிறார்? மெல்வினிடம் யாராவது பேசினீர்களா?

மெல்வினிடம் யாரும் பேசியிருக்கவில்லை. அவன் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கடலுக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை இன்பமணி வார்டுக்குப் போனாள். இந்தமுறை பெனிஸ்டனின் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். கேள்வித்தாளை எடுக்கவில்லை. கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நீ வழுக்கி விழலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் யார்ட்டயும் சண்டைக்கு வரல. சாகணும்னு இருக்காப்பா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் எண்ணினாள். பத்து போயிற்று, இருபது போயிற்று. நாற்பதைத் தாண்டியபோது அவன் பேசினான்.

"சாகணும்னுகூட இல்லக்கா. தண்ணிக்குள்ள போனா இந்தக் கால் கனக்காது. மேல வந்தா கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. காலைல அவ வேன்ல ஏறுதா, நான் பாத்துக்கிட்டே கெடக்கேன். அங்கயே கெடந்துரலாம்னு தோணிச்சி. இப்பவும் தோணுது."

இன்பமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹனீன் சொல்லிக்கொடுத்தபடி, இதைச் சொன்னது நல்லது, இன்றைக்கு யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று கேட்டாள். ஷெர்லினிடம் சொல்ல வேண்டும் என்றான். தன்னால் முடியாது, நீங்கள் சொல்லுங்கள் என்றான். அவள் மறுத்தாள். பக்கத்தில் இருப்பேன், ஆனால் நீதான் சொல்ல வேண்டும் என்றாள். சாயங்காலம் ஷெர்லின் வந்தாள். அவன் சொன்னான். அவள் அழவில்லை, தலையில் இருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் அவன் விளங்காத காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். இன்பமணியோடு அவள் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமைக் கூட்டங்களில் அதன்பின் நாலு நிமிஷம் என்பது நின்றுபோயிற்று. மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன், தாளில் அடங்காதது எது என்று ஹனீன் ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள். அவசரம் என்றால் நேரே கூப்பிடச் சொல்லித் தன் சொந்த நம்பரைக் கொடுத்தாள். பெனிஸ்டன் மாத்திரை சாப்பிட்டான், சில வாரம் சாப்பிடாமல் ஒளித்தான், கண்டுபிடித்துச் சண்டை போட்டதும் மறுபடி சாப்பிட்டான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஆள் வந்தது. எட்டு மாதத்தில் கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் வந்தான். மெல்வின்கூட இன்பமணியிடம் கெபிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசினான். முடி கையில் பட்ட அந்த உணர்ச்சி போகவே மாட்டேன் என்கிறது என்றான்.

ஒன்றரை வருஷத்தில் திட்டம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. தூத்துக்குடியில் அதே மண்டபத்தில் நிறைவு விழா வைத்தார்கள். மேடையில் பேனர், ஆளுக்கொரு சான்றிதழ், மதியம் பிரியாணி. நாற்காலிதோறும் வழவழப்பான ஓர் அறிக்கைப் புத்தகம் வைத்திருந்தார்கள். அட்டையில் இன்பமணியின் முதுகு, தோளில் பை. அவள் உள்ளே புரட்டினாள். பதினேழாம் பக்கத்தில் ஒரு பட்டியல். இத்தனை வீடுகள், இத்தனை பேர் பரிசோதனை, இத்தனை பேருக்குச் சிகிச்சை. கடைசி வரி: தற்கொலை முயற்சிகள் – இல்லை.

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து மேடைக்குப் பக்கத்தில் நின்ற கிங்ஸ்டனிடம் போய் விரலை வைத்துக் காட்டினாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. நான் சரியாகத்தான் அனுப்பினேன், மேலே மாற்றிவிட்டார்கள், முந்நூறு புத்தகம் அச்சடித்து வந்துவிட்டது, இனி என்ன செய்ய என்றான். அவனுக்கும் அன்றோடு வேலை முடிகிறது. அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கிறவன்.

இன்பமணி மண்டபத்துக்கு வெளியே வந்து ஹனீனைக் கூப்பிட்டாள். அதற்குள் அவள் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போயிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"பேனா இருக்கா அக்கா?" என்றாள். "அந்த வரியை அடிங்க. ஒண்ணுன்னு எழுதுங்க. யார் மாத்தச் சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. நானும் அவங்களுக்கு எழுதுறேன்."

சான்றிதழுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டபோது இன்பமணி மேடையேறவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தில் 'இல்லை'யை அடித்து, மேலே 'ஒன்று' என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஊரும் எழுதவில்லை, ஆளும் எழுதவில்லை. ஜெமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பிரியாணி வாசனை வந்தது. அவர்கள் நாற்காலி நாற்காலியாகப் புத்தகங்களை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார்கள். அறக்கட்டளைக்காரர் ஒருவர் வந்து இது முறையில்லை என்றார். இன்பமணி நிமிர்ந்து பார்த்து, எது முறையில்லை என்று கேட்டாள். அவர் திரும்பிப் போய்விட்டார். மேடைக்குப் பின்னால் பிரிக்காமல் இருந்த இரண்டு கட்டுகளைக் கிங்ஸ்டனே தூக்கி வந்து அவர்கள் காலடியில் வைத்தான். முந்நூறும் முடிய மாலை நாலரை ஆயிற்று. அண்டாவில் அடிச்சோறுதான் மிச்சம் இருந்தது. அதைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

டேப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். புதன்கிழமை மதியம் இப்போது கூட்டம் இல்லை. ஹனீனின் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் எடுக்கிறாள், சில நாள் எடுக்க முடியாமல் சாயங்காலம் திரும்பக் கூப்பிடுகிறாள். ஒரு ஆளை நம்பி எத்தனை நாள் ஓடும், நாளைக்கு அவள் வெளிநாடு போய்விட்டால் யாரைக் கேட்பது என்று இன்பமணிக்கு அதுவும் கோபம்தான். வேம்பாரின் முந்நூறு வீடுகளில் இப்போது பதினோரு பேருக்கு அவள் மனநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பெனிஸ்டன் வாசலில் உட்கார்ந்து வள்ளத்து இன்ஜின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கிறான். சில நாள் இன்ஜின் அப்படியே கிடக்கும், அவன் உள்ளே படுத்திருப்பான். அன்றைக்கு இன்பமணி அடுத்த வீட்டுக்குப் போகமாட்டாள்.

போன வாரம் அவனுடைய மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்து கொடுக்கிற இடத்தில் ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். இன்பமணி தோள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வரை அவன் மாத்திரை இல்லாமல் இருக்க முடியாது, கிடைக்கிறவரை இங்கேதான் இருப்பேன் என்று மெதுவாகச் சொன்னாள். உள்ளே இருந்தவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்து, வேறெங்காவது இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.